பி.பி. நம்பர்

எங்கள் எதிர் வீட்டு அக்காவின் கல்யாணப் பத்திரிகை ஒன்று போன வாரம் பழைய பெட்டியில் கிடைத்தது. அதன் அடியில் எங்கள் கடை போன் நம்பர் அச்சாகியிருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "பி.பி." என்று இரண்டு எழுத்து. "இது என்னப்பா?" என்று மகள் கேட்டாள். வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்துக் கடை நம்பரைக் கொடுப்பார்கள், போன் வந்தால் கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார், அதற்குத்தான் அந்தப் பெயர் என்று சொன்னேன். "அப்போ அந்த ஆள் யாரு?" என்றாள்.

அந்த ஆள் நான்தான்.

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில், கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே, சிக்கலில் அப்பா எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். மஞ்சள் போர்டு, ஒரு கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பில் கிழித்துத் தரும் சின்ன மெஷின். வெளியே ஒரு ரூபாய் காசு போடும் பெட்டி. சுற்று வட்டாரத்தில் எண்பது குடும்பங்களுக்காவது எங்கள் நம்பர்தான் பி.பி. நம்பர். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகள் வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள். "பத்து நிமிஷம் கழிச்சுப் போடுங்க" என்று அப்பா வைத்துவிடுவார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

ஆள் இல்லாவிட்டால் சேதியை வாங்கி எழுதி வைக்க வேண்டும். அதற்கென்று நீளமான ஒரு கணக்கு நோட்டு. நேரம், யார் சொன்னது, யாருக்கு, என்ன சேதி. இந்த நான்கும் இல்லாமல் அப்பா ஒரு வரிகூட எழுத விடமாட்டார். சாவுச் சேதி வந்தால் மட்டும் என்னை அனுப்பமாட்டார், அவரே சட்டையை மாட்டிக்கொண்டு போவார். போய் "செத்துட்டாங்க" என்று சொல்லவும் மாட்டார். "சீரியஸா இருக்காம், உடனே கிளம்புங்க" என்பார். எங்கள் பக்கம் அப்படித்தான். அந்தச் சொல்லைக் கேட்டதுமே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும், ஆனாலும் ஊர் போய்ச் சேரும்வரை பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கையில் இருக்கும். கெட்ட சேதியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஊரில் ஒரு முறை இருந்தது. 2004 டிசம்பர் 26-ம் தேதி அந்த முறை ஒரே காலையில் இல்லாமல் போனதைப் பார்த்தேன்.

அன்று ஞாயிறு. எனக்கு அரையாண்டு விடுமுறை. கீச்சாங்குப்பத்திலிருந்து வரும் மீன்காரம்மா ஏழரை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார். நான் அவரை ஆச்சி என்று கூப்பிடுவேன். எங்கள் கடை வாசல் படியில் அன்னக்கூடையை இறக்கி வைத்து, காசுப் பெட்டிக்கு ஒரு சில்லறை வாங்கிக்கொண்டுதான் தெருவுக்குள் போவார். மார்கழி என்பதால் பாதி வீடுகளில் மீன் வாங்கமாட்டார்கள். "இன்னைக்கு சீக்கிரம் திரும்பிடுவேன் தம்பி" என்று சொன்னது நினைவிருக்கிறது.

ஒன்பதரை இருக்கும். கிழக்கிலிருந்து ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி வந்தது. ஓட்டி வந்தவர் இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்திருந்தார். நிற்காமல் "கடல் உள்ள வந்துட்டு, கடல் உள்ள வந்துட்டு" என்று கத்திக்கொண்டே போனார். டீக்கடையில் நின்றவர்கள் குடிகாரன் என்றார்கள். அடுத்து ஒரு மினி லாரி, அதன் பின்னால் சேறு அப்பிய ஜனங்கள். அப்புறம் நடந்தும் ஓடியும் வந்தவர்கள். ஒரு பெண் ஒற்றைச் செருப்போடு, கையில் காலி பால் தூக்கோடு, எங்கள் கடையைத் தாண்டி நேர் மேற்கே போனார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து மணிக்குள் பூத் முன்னால் அறுபது, எழுபது பேர். எல்லோர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு. அப்பா டயல் செய்துகொண்டே இருந்தார். நாகை நம்பர்கள் சில மணி அடித்துக்கொண்டே இருந்தன, எடுக்க ஆளில்லை. சில செத்துப் போயிருந்தன. மீதியில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாகச் சொல்லும் அந்தப் பெண் குரல். கீச்சாங்குப்பத்தில் ஒரு மளிகைக் கடை நம்பர்தான் ஆச்சிக்கு பி.பி. அதை அப்பா பதினேழு முறை போட்டார். ஒவ்வொரு முறையும் ஆச்சி கூண்டுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் எடுத்தால்தான் அந்தச் சிவப்பு எண் ஓடும். அது ஓடவே இல்லை.

உள்ளே வந்த போன்கள்தான் எனக்கு இன்றும் புரியாத அதிசயம். துபாயிலிருந்து, குவைத்திலிருந்து, சிங்கப்பூரிலிருந்து. "அண்ணே, வேளாங்கண்ணி போயிட்டாமே? டி.வி.ல காட்றான்." கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் இருந்த எங்களுக்கு வேளாங்கண்ணியில் என்ன ஆயிற்று என்பதை மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தவன் சொன்னான். கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்த யாத்ரீகர்கள் கூட்டம் கூட்டமாக அலையோடு போனது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. 'சுனாமி' என்ற வார்த்தையும் எங்கள் கடைக்கு அப்படித்தான் வந்தது. மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்ட ஒரு பையன் சொன்னான், அப்பா காதில் விழுந்தபடி நோட்டில் எழுதினார்: "சொனாமி." அதைப் பார்த்த ஒருவர் ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்து, அங்கே எத்தனை பேர் என்று கேட்டார். ஆழிப்பேரலை என்ற சொல்லெல்லாம் பத்திரிகையில் வந்து சேர இன்னும் நாள் இருந்தது.

நடுவில் இருப்பவனுக்குத்தான் சேதி கடைசியில் வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோதும் இதையே பார்த்தேன். டவர்கள் விழுந்தன, கரண்ட் போயிற்று, வேதாரண்யத்தில் இருந்த அத்தை இரண்டு நாள் வெளியுலகத்துக்கு இல்லை. புயலைச் சமாளித்துவிட்டோம் என்று டி.வி.யில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை கூரை இல்லாத வீட்டில், விழுந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சத்தம் வராத இடத்தில்தான் அடி பலம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் முதல் நாள் தோன்றவில்லை.

சரி, 26-க்கு வருகிறேன். பன்னிரண்டு மணி வாக்கில் ஆச்சி மீட்டரிலிருந்து கண்ணை எடுத்தார். கூடையைப் பார்த்துக்கச் சொல்லிவிட்டு, வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு எதிராக, கிழக்கே நடந்து போனார். அப்பா தடுத்துப் பார்த்தார். நடக்கவில்லை.

அவர் பயந்தது மகனுக்காக. முந்தின இரவே ஃபைபர் படகில் கடலுக்குப் போயிருந்தான். கடலே பொங்கி ஊருக்குள் வந்துவிட்டால் கடலுக்குள் இருப்பவன் கதி என்ன என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஆழக்கடலில் அந்த அலை படகைத் தூக்கியதுகூடத் தெரியாது, கரையை நெருங்கித்தான் எழும்பும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் நாகையிலிருந்து யாரோ ஒருவர் செல்போனில் கூப்பிட்டுச் சொன்ன சேதியை அப்பா எழுதியிருக்கிறார். அந்த வரி எனக்கு மனப்பாடம். "மீன்காரம்மா மகன் உயிரோடு வந்துவிட்டான். மருமகள், சின்னவன் இல்லை. பேத்தி இருக்கிறது." வழக்கமாக அவர் எழுதும் "சீரியஸ்" அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. யாருக்காக எழுதுவது?

நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். தமிழ்நாட்டில் இறந்தவர்களில் முக்கால்வாசி எங்கள் மாவட்டம்தான்.

சுமத்ராவுக்குப் பக்கத்தில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29. எங்கள் கரையை அலை தொட்டது ஒன்பது மணி வாக்கில். நடுவில் இரண்டரை மணி நேரம். அந்த நேரத்துக்குள் கார் நிகோபார் விமானப்படைத் தளம் மூழ்கிக்கொண்டிருப்பதாகச் சென்னைக்குச் சேதி வந்துவிட்டது. நிலநடுக்கம் பற்றிய ஃபேக்ஸ் ஒன்று டெல்லியில் முந்தைய ஆட்சியின் அமைச்சர் வீட்டுக்குப் போனது என்றும் பிற்பாடு பத்திரிகையில் படித்தேன். படித்த அன்று தூக்கம் வரவில்லை. ஏழரை பஸ்ஸில் வந்த ஆச்சிக்கு எங்கள் நம்பர் தெரியும். எங்களுக்கு அந்த மளிகைக் கடை நம்பர் தெரியும். எட்டு மணிக்கு யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால் போதும்.

முடியாத காரியம் இல்லை. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவர் ஊரில் அதுதான் நடந்தது. அந்த ஊர்ப் பையன் ஒருவன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். டி.வி.யில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டான். கடல் ஏறி வருகிறது என்று வீட்டில் சொன்னதும், எல்லோரையும் கிளப்பிக்கொண்டு ஓடச் சொன்னான். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருந்த தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. தினமும் அலை நிலவரம் சொல்லும் அதே ஒலிபெருக்கி. அதில் அறிவித்தார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, ஒரு உயிர் போகவில்லை. ஊர் நம்பியதற்குக் காரணம் தெளிவு. சொன்னவன் அந்த ஊர்ப் பிள்ளை. ஒலித்தது தினமும் கேட்ட குழாய்.

இனி நான் சொல்லப்போவது என்னுடைய தப்பு.

டிசம்பர் 30, வியாழக்கிழமை. எங்கள் தெரு முனையில் இருந்த பள்ளிக்கூடத்தில் நாகையிலிருந்து வந்தவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். ஆச்சியும் ஆறு வயசுப் பேத்தியும் அங்கேதான் இருந்தார்கள். மகன் அக்கரைப்பேட்டைப் பக்கம் உடல் தேடிக்கொண்டிருந்தான். காலையில் அப்பா சாப்பிடப் போயிருந்தார், கடையில் நான் தனியாக. போன் அடித்தது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மைத்துனர், சென்னையிலிருந்து. "தம்பி, கடல் மறுபடி வருதாம். அரசாங்கமே சொல்லியிருக்காம். ஓடுங்க."

நோட்டை எடுக்கவில்லை. நேரம் எழுதவில்லை. வெளியே பாய்ந்து நடுரோட்டில் நின்று கத்தினேன்: "கடல் வருது! கடல் வருது!"

கேட்டது "வருதாம்." கத்தியது "வருது."

தமிழில் இந்த "ஆம்" எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்ற முழு வாக்கியத்தையும் நம் பாட்டிமார் ஒரே ஒட்டில் அடக்கி வைத்திருக்கிறார்கள். 26-ம் தேதி நனைந்த வேட்டியோடு வந்தவர் வாயில் "ஆம்" இல்லை. "வந்துட்டு" என்றார், அவர் பார்த்தவர். 30-ம் தேதி எல்லோர் வாயிலும் அதுதான் இருந்தது. பயத்தில் முதலில் உதிர்வதும் அதுதான். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகும் வழியில் "வருதாம்" என்பது "வருது" ஆகிவிடுகிறது. என் வாயில் அது ஆனது.

பள்ளிக்கூடம் அரை நிமிஷத்தில் காலியாயிற்று. நான்கு நாளுக்கு முன்னால் கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். யார் சொன்னது என்று கேட்பார்களா? சுவர் ஏறிக் குதித்தார்கள். சோறு வடித்துக்கொண்டிருந்த பாத்திரம் கவிழ்ந்தது. ஒரு முதியவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. திருவாரூர் சாலை முழுக்கத் தலைகள், லாரிகளில் தொங்கியபடி, சைக்கிள்களில், நடந்து. நாகையில் இடிபாடுகளுக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்தவர்களும் போட்டது போட்டபடி ஓடினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். என் குரல் இல்லாவிட்டாலும் அந்தச் சாலை அன்று நிரம்பியிருக்கும், கரையோரம் முழுக்க அப்படித்தான் நடந்தது. ஆனால் எங்கள் தெருவில் முதலில் கத்தியது நான். அந்தப் பள்ளிக்கூடம் கேட்டது என் குரலை.

அந்தக் கூட்டத்தில் ஆச்சி கையிலிருந்து பேத்தி நழுவிவிட்டாள்.

அப்பா பாதிச் சாப்பாட்டில் ஓடி வந்தார். என்னை அடிக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"நீ பாத்தியா?"

"போன்ல சொன்னாங்க."

"அவரு பாத்தாரா?"

"டி.வி.ல சொன்னாங்களாம்."

"டி.வி.காரனுக்கு யாரு சொன்னா?"

எனக்குத் தெரியவில்லை. அது அன்று யாருக்கும் தெரியவில்லை. டெல்லியிலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது நிஜம். அதன் வேர் ஒரு வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்தின் கணிப்பு. அதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைச்சராக இருந்த கபில் சிபலே அன்றைக்கே பகிரங்கமாகச் சொன்னார். ஆக, நான் உதிர்த்த அந்த "ஆம்" மேலே டெல்லியிலேயே உதிர்ந்துவிட்டிருந்தது. அப்படி இருந்தும் எச்சரித்தது தப்பு என்று எனக்குச் சொல்ல வரவில்லை. 26-ம் தேதி வாய் திறக்காத அரசாங்கம் 30-ம் தேதி பயந்துபோய்த் திறந்தது. ஆனால் யார் பார்த்தது, எப்படித் தெரியும், எவ்வளவு நேரம் இருக்கிறது, எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை கூடவே வந்திருந்தால், ஜனம் ஓடியிருக்காது, நடந்து போயிருக்கும்.

பேத்தி மூன்று மணி நேரம் கழித்துக் கீழ்வேளூரில் கிடைத்தாள். யாரோ லாரியில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். சாலையோர வீட்டு அம்மா ஒருவர் பிடித்து உட்கார வைத்து, அவளிடம் ஊர் பெயர் கேட்டிருக்கிறார். அவள் சொன்னது ஊர் பெயர் இல்லை, எங்கள் கடை போன் நம்பர். அவள் அம்மா சொல்லிக்கொடுத்திருந்த பி.பி. நம்பர். அப்பாவே போய் அழைத்து வந்தார். ஆச்சி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் யார் முதலில் கத்தியது என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு அடையாளம்.

பொங்கல் வந்தது. ஆச்சிக்கு எங்கள் கடையிலேயே இருந்த அந்த அன்னக்கூடையை அம்மா கழுவி வைத்திருந்தார். யார் யாரிடமோ கடன் வாங்கி, கொஞ்சம் மீன் எடுத்துக்கொண்டு அவர் மறுபடி தெருவுக்குள் வந்தபோது ஒரு வீடுகூடக் கதவைத் திறக்கவில்லை. மீன் பிணத்தைத் தின்றிருக்காம். மீனுக்குள்ளே மோதிரம் இருந்துச்சாம், விரல் இருந்துச்சாம். பார்த்தவர் ஒருவரும் இல்லை. கடலோரம் முழுக்க வாரக்கணக்கில் மீன் விலை போகாமல் கிடந்தது. அலை வீட்டை எடுத்தது, மிஞ்சிய தொழிலை இந்தப் பேச்சு எடுத்தது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு, ஏனென்றால் இதில் சாவு எண்ணிக்கை இல்லை. ஆனால் அம்மா வாங்கிச் சமைத்த அந்த வாளை மீனை நான் சாப்பிடத் தயங்கினேன் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். அப்பா என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார், அதன் பிறகு சாப்பிட்டேன்.

பூத் 2009-ல் மூடப்பட்டது. கையில் செல்போன் வந்த பிறகு பி.பி. நம்பருக்கு என்ன வேலை? 2007-லிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலடியில் அழுத்தமானிகள், கரையில் அலைமானிகள், இருபத்து நான்கு மணி நேரமும் ஆள்.

2012 ஏப்ரல் 11 மதியம் இரண்டு மணிக்கு மேல் சுமத்ராவுக்கு அப்பால் மறுபடி 8.6 அளவில் அதிர்ந்தது. சென்னையில் ஆபீஸ்கள் காலியாயின. நான் திருச்சியில் வேலையில் இருந்தேன். என் போனில் வந்த மெசேஜ்கள் ஒன்றிலும் "ஆம்" இல்லை. "வருகிறது", "வந்துவிட்டது", "மெரினா போய்விட்டது". அதற்கு நடுவில் ஒரு தெரியாத நம்பர்.

"தம்பி, நான்தான் ஆச்சி. புள்ள போன்லேர்ந்து பேசுறேன்." பின்னால் வண்டிகள் இரைச்சல். "கடல் வருதா, வருதாமா?"

ஏழு வருஷம் கழித்துக் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

"வருதாம்தான் ஆச்சி. ஹைதராபாத்துல இருக்கிற மையம் எச்சரிக்கை விட்டிருக்கு. கடல்ல அளந்து பாத்துட்டுத்தான் உறுதியா சொல்லுவாங்க, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். ஆனா நீங்க மேற்க வந்துடுங்க. ஓட வேணாம், நேரம் இருக்கு, நடந்தே வாங்க."

"நாங்க அப்பவே கெளம்பி சிக்கல் வந்துட்டோம். ஒங்க பழைய கடை வாசப்படியிலதான் ஒக்காந்திருக்கோம்" என்றார். "புள்ளைக்குப் பதினாலு வயசு ஆவுது, கைய வுடு ஆயான்னு சத்தம் போடுது. நான் வுடல."

ஆறு மணிக்கு மேல் எச்சரிக்கை விலக்கப்பட்டதும் அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன்.